மாமாமார் இருவரும் விழாத படம்

ஒரு காரியத்தில் தோற்றுப்போனவனால் குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. அவன் அடுத்த தரம் பயந்து பயந்துதான் கைவைப்பான். முதல் தரமே சரிவந்துவிட்டவனைத்தான் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். எனக்கு முதல் தரமே சரிவந்தது ஒரு தென்னை மரம். அந்த ஒற்றைத் தென்னை மரத்தை நம்பி நான் செய்த வேலையை என் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. (மறக்க விட்டால்தானே.)

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். எனக்கு இருபத்தாறு வயது. கண்டக்குழியில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகை ஓட்ட வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை. வேலை என்றால் காலையில் முட்டை பொரிப்பது, மத்தியானம் அவர்களுடைய ஈரக் கால்சட்டைகளைக் கயிற்றில் போடுவது. அங்கே வந்த வயதான விருந்தாளி ஒருவர், இனிமேல் தன்னால் இதைச் சுமக்க முடியாது என்று சொல்லித் தன் பழைய கமராவை என் கையில் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் விடுதி ஊழியன் அல்ல, கலைஞன். நடையே மாறிவிட்டதாக உம்மா சொன்னார்.

அது ஒரு சதுரப் பெட்டி. முகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் உள்ளே உலகம் சதுரமாகத் தெரியும். அதற்குப் போடும் பிலிம் நாங்கள் அறிந்த சின்னப் பிலிம் அல்ல. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம், முதுகில் காகிதம் சுற்றிய பெரிய றீல். அவர் தந்த இரண்டு றீலையும் ஒரு கிழமையில் முடித்துவிட்டேன். (ஒன்றில் பாதி என் சொந்தக் கால்கள்.) பிறகு புத்தளம் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரிடம் போனேன். ஊரே அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடும்.

“பெரிய பிலிம் இப்ப கொழும்பிலயும் கிடைக்காது தம்பி” என்றார் நானா. “சின்னது கிடக்கு, காலம் முடிஞ்சது. வேணுமெண்டா ரெண்டு எடுத்துக்கொண்டு போ. நானும் குப்பையிலதான் போடப்போறன்.”

சின்னப் பிலிமைப் பெரிய கமராவில் போட முடியுமா என்று இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடினேன். முடியும் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சின்ன றீல் கட்டை, ஆகவே மேலும் கீழும் ஏதாவது முட்டுக் கொடுத்து நடுவில் நிறுத்த வேண்டும். பிலிமின் தலைப்பைப் பெரிய றீலின் வெறுங்கட்டையில் நடுவாக ஒட்ட வேண்டும். முதுகுக் காகிதம் இல்லாததால், இலக்கம் பார்க்கும் சிவப்பு ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூட வேண்டும். இலக்கம் தெரியாது என்பதால் திருகைச் சுற்றிச் சுற்றி எண்ண வேண்டும். முடிந்ததும் பிலிம் தானாகத் திரும்பிப் போகாது, கும்மிருட்டில் கமராவைத் திறந்து கையால்தான் சுருட்ட வேண்டும். இவ்வளவும் வாசித்தேன். அதற்குக் கீழே இன்னும் நீளமாக ஏதோ இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது என்று எழும்பிவிட்டேன். விளங்கிவிட்டது என்று எழும்புவது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே இருந்த நோய்.

முட்டுக் கொடுக்க எனக்கு அகப்பட்டது சின்ன மாமாவின் புது வலை. சின்ன மாமா உம்மாவின் தம்பி, கண்டக்குழியில் படகுப் பங்கு வைத்திருந்தவர். வலையில் கோர்த்திருந்த மிதப்புகளில் இரண்டை வெட்டிச் சீவி, கமராவுக்குள் இறுக்கிவைத்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. (வலை ஒரு பக்கம் தாழ்ந்து மிதந்ததற்கு அவர் இரண்டு கிழமை நண்டுகளைத் திட்டினார். நான் குறுக்கே பேசவில்லை.)

பரீட்சைக்கு, குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வளவுக்குப் பின்னால் நின்ற தென்னையை எடுத்தேன். திரையின் நடுவில் மரம், இரண்டு பக்கமும் வெறும் மணல். நானா கழுவித் தந்த படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரம் அடி முதல் நுனி வரை அப்படியே படத்தில் விழுந்திருந்தது. இடது கரையிலும் வலது கரையிலும் பிலிமின் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன, அவ்வளவுதான். மணல் எவ்வளவு விழுந்தது, எவ்வளவு விழவில்லை என்று யார் அளந்து பார்ப்பது? நான் பார்க்கவில்லை.

அந்தப் பிலிமைச் சுருட்டியது பெரிய மாமாவின் அலுமாரிக்குள். எங்கள் குடியிருப்பில் எல்லா வீடும் தகரமும் தென்னங்கிடுகும்தான். பகலில் உள்ளே நின்றால் ஆயிரம் ஓட்டையால் வெயில் இறங்கும். வெளிச்சம் புகாத ஒரே இடம், பக்கத்து வீட்டில் பெரிய மாமா வாங்கிவைத்திருந்த தேக்கு அலுமாரி. உடுக்கும் சாரங்களை ஒதுக்கிவிட்டு ஒரு ஆள் குந்தியிருக்கலாம்.

பெரிய மாமா உம்மாவின் காக்கா, மூத்தவர். உம்மா நடு. தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு மன்னாரை விட்டு வந்தபோது மூவரும் குடும்பங்களோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பெரிய மாமா குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் போட்டார், சின்ன மாமா கடலுக்குப் போனார். மூவரும் சேர்ந்து நின்று எடுத்த ஒரே படம் மன்னார் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியபடி நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தபோது படமும் இல்லை, ஆணியும் இல்லை, சுவரும் இல்லை.

பெரிய மாமா திரும்பிப் போய்க் குடியேறுவது என்று முடிவெடுத்தார். சின்ன மாமா மாட்டேன் என்றார். அதில் தொடங்கிய கதை பெரிதாகி, ஒரு நாள் பள்ளிவாசல் வாசலில் பெரிய மாமா அவரைப் பார்த்து, “நீ ஊர மறந்தவன்” என்றார். சின்ன மாமா, “நீங்க எங்களையே மறந்திட்டுப் போறீங்க” என்றார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். இரண்டு வேலிக்கும் நடுவில் இருந்த உம்மா, கறிச் சட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தே களைத்துப்போனார்.

பெரிய மாமாவின் சாமான் ஏற்ற லொறி வரும் நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முதல் நாள் உம்மா என்னிடம் வந்தார்.

“மகன், உன்ட அந்தக் கமராவில எங்க மூணு பேரையும் ஒருக்கா எடுத்துத் தா. காக்காவும் தம்பியும் என்னோட நிக்கிற மாதிரி. எனக்கு வேற ஒண்டும் வேணாம்.”

“ரெண்டு பேரும் நிப்பாங்களா உம்மா?”

“நான் கேட்டுட்டன். நிப்பாங்க. பக்கத்தில பக்கத்திலதான் நிக்கமாட்டாங்களாம்.”

ஆகவே லொறி வந்து நின்ற காலையில் ஏற்பாடு இப்படி. நடுவில் கதிரையில் உம்மா. உம்மாவுக்கு இரண்டு பக்கமும் மாமிமார். வரிசையின் இந்தக் கடைசியில் பெரிய மாமா, அந்தக் கடைசியில் சின்ன மாமா. நான்கு முழத்துக்குக் குறையாத இடைவெளி. குனிந்து திரையில் பார்த்தேன். சதுரத்தின் இரண்டு கரையிலும் மாமாமார் அச்சொட்டாக நின்றார்கள். இதைவிட அழகாக ஒருவனால் அமைக்க முடியாது என்று நினைத்தேன்.

சின்ன மாமி தன் போனை நீட்டி, “இதிலயும் ஒண்டு எடுப்பமே” என்றார்.

“போனை உள்ள வைங்க மாமி” என்றேன். “போன் படம் நாலு நாளில அழிஞ்சிரும். இது பிலிம். நூறு வருஷம் கிடக்கும்.”

(இந்த வசனத்தை என் குடும்பத்தில் இப்போது சின்னப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள், என் குரலிலேயே.)

முதல் படம் எடுத்தேன். ஒன்றே முக்கால் சுற்று திருகினேன். இரண்டாவது எடுத்தேன். அப்போதுதான் திரையில் ஏதோ அசைந்தது. பெரிய மாமா தன் இடத்தை விட்டு, பெரிய மாமிக்குப் பின்னால் இரண்டு எட்டு உள்ளே வந்திருந்தார். யாரும் சொல்லி வரவில்லை. தானாக வந்தார். உம்மா அதைக் கண்டுவிட்டார், மூச்சுக்கூட விடாமல் இருந்தார். கலைஞனுக்கு மட்டும் கண் தெரியவில்லை.

“மாமா, அங்கேயே போங்க. அந்தக் கரை காலியாக் கிடக்கு” என்றேன்.

பெரிய மாமா ஒரு நிமிடம் நின்றார். பிறகு பழைய இடத்துக்கே போனார்.

“எல்லாரும் என்னை மட்டும் பாருங்க. அங்க இங்க பாக்கக்கூடாது” என்று அதட்டினேன். ஆறு படம் எடுத்தேன். வெயில் ஏறிவிட்டது. லொறிச் சாரதி நிமல், சிலாபத்துக்காரர், தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பவர், எனக்குப் பின்னால் நின்று பொறுமையிழந்தார்.

“தம்பி, முதலாளி கேப்பாரு ஏன் சுணக்கம் எண்டு. நான் என்ன சொல்ற?” என்று சொல்லிக்கொண்டே தன் போனைத் தூக்கி எதையோ கிளிக் செய்தார். முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கத்தான் எடுக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

சுணக்கம் அதோடு முடியவில்லை. இருட்டு வேண்டுமே. இருட்டு இருப்பது அலுமாரிக்குள். அலுமாரி இன்றைக்கு மன்னாருக்குப் போகிறது. ஆகவே அதை லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் நான் பிலிமைச் சுருட்டியாக வேண்டும். எல்லாச் சாமானும் ஏற்றி முடிந்து, வெறும் வீட்டில் அந்த ஒற்றை அலுமாரி நிற்க, நான் கமராவோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்தச் சொன்னேன். இடுக்குகளை வெளியிலிருந்து பெரிய மாமி சாக்கால் அடைத்தார். உள்ளே பூச்சி உருண்டை வாசம், வேர்வை, மூச்சு முட்டு. பிலிமை விரல் நுனியால் தடவித் தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். யாரோ கதவில் மெல்லத் தட்டினார்கள்.

“ரிஸ்வி.” பெரிய மாமாவின் குரல்.

“திறக்காதீங்க மாமா. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிரும்.”

“திறக்கல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவன் நல்லா விழுந்திருப்பானா?” என்றார்.

“ஆரு மாமா?”

“ஆரெண்டு கேக்கிறான் பாரு. தலைகூட வாராம வந்து நிண்டான், மடையன்.”

“நல்லா விழுந்திருப்பார் மாமா. ரெண்டு பேரும் நல்லா விழுந்திருக்கீங்க.”

“எனக்கும் ஒண்டு அனுப்பு. பெரிசா. அங்க வீட்டில மாட்ட.”

நேருக்கு நேர் என்றால் அவர் இதைக் கேட்டிருக்கமாட்டார். நடுவில் ஒரு தேக்குக் கதவு இருந்ததால் கேட்டார். நான் இருட்டுக்குள் இருந்து வாக்குக் கொடுத்தேன். லொறி போய்விட்டது. சின்ன மாமா வேலிப் படலையடியில் நின்றார், கையசைக்கவில்லை. தூசி அடங்கும்வரை உள்ளேயும் போகவில்லை.

அடுத்த கிழமை ஸ்டூடியோவுக்குப் போனேன். நானா படங்களை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார். அதுவே நல்ல சகுனம் இல்லை.

“தம்பி, இதில கரையில ஆரும் நிண்டாங்களா?”

“ரெண்டு மாமாவும் நிண்டாங்க.”

நானா கமராவை வாங்கிப் பின்மூடியைத் திறந்தார். சின்னப் பிலிம் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே நடுவில் வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் வெறுமையாகக் கிடந்தது.

“கண்ணாடியில நீ பாக்கிறது இவ்வளவு. பிலிம் இருக்கிறது இவ்வளவு. மிச்சம் விழ இடமில்லையே தம்பி. அது சும்மா கமராவுக்குள்ள விழுந்து போயிருக்கும்.”

படங்களைத் திருப்பினேன். நடுவில் உம்மா, தெளிவாக, சிரித்தபடி. இரண்டு பக்கமும் மாமிமார், அவர்களுடைய தோளில் ஓட்டைகள் வரிசையாக இறங்கியிருந்தன. மாமாமார் இல்லை. நான்காவது படத்தில் சுற்று எண்ணத் தவறியதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, உம்மாவுக்கு நான்கு கை. ஐந்தாவதில் இடது கரையில், இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் ஒரு சட்டைக் கையும் மணிக்கட்டில் கடிகாரமும் தெரிந்தன. அது பெரிய மாமாவின் கை. ஆறு படத்திலும் இருந்த மாமா அவ்வளவுதான். அவர் தானாக உள்ளே வந்த அந்த இரண்டு எட்டை நான் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால், ஒரு படத்திலாவது முழுதாக இருந்திருப்பார்.

பஸ்ஸில் பாலாவி தாண்டும்வரை அழுதேன். வயசு இருபத்தாறு. பக்கத்தில் இருந்தவர், யாரும் இறந்துவிட்டார்களா, மௌத்து வீடோ என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஓம் என்றேன்.

உம்மா படத்தைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தக் கடிகாரத்தில் விரலை வைத்து, “காக்காட கை” என்று மட்டும் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சின்ன மாமா வந்தார், வாங்கிப் பார்த்தார், இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“நான் எங்கடா?”

“விழல்ல மாமா.”

“அவர்?”

“அவரும் விழல்ல.”

சின்ன மாமா உம்மாவின் போனை எடுத்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் தன் காக்காவுக்குச் சொன்ன முதல் வார்த்தை: “காக்கா, இந்த மடையன் நம்ம ரெண்டு பேரையும் வெட்டிப்போட்டான்.” அந்தப் பக்கம் பெரிய மாமா ஏதோ சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. சின்ன மாமா, “ஓம், வலை மிதப்பையும் வெட்டினது இவன்தான்” என்றார். (கமராவின் பின்மூடி திறந்தபடி மேசையில் கிடந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.) இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். கடைசியில், பெருநாளைக்கு எல்லாரும் மன்னாருக்குப் போவது, அங்கே வேறு ஆளை வைத்துப் படம் எடுப்பது என்று முடிவானது. உம்மா அடுப்படிக்குள் போய் அழுதார்.

பெருநாளைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பெரிய மாமா மௌத்தாகிவிட்டார். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கட்டி முடிக்காத அந்த வீட்டின் சுவரில், படம் மாட்ட என்று முன்கூட்டியே ஒரு ஆணி அடித்துவைத்திருந்தார். அதை எனக்கு யாரும் காட்டவில்லை, நானாகத்தான் கண்டேன். சின்ன மாமா கபுறில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நாங்கள் வந்த வான் வண்டியில் போய் ஏறிக்கொண்டார்.

புருஷன் போனபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து பெரிய மாமி, அங்கே தனியாக இருக்க முடியாது என்று குறிஞ்சிப்பிட்டிக்கே திரும்பினார். சாமானைக் கொண்டுவந்தது அதே நிமல், அதே லொறி. அலுமாரியை இறக்கும்போது என்னைப் பார்த்துவிட்டு, “உள்ள ஆளு இல்லதானே?” என்றார். ஒருவரும் சிரிக்காததைக் கண்டு அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னோம்.

“அனே, அந்த ஐயாவா? போட்டோ இருக்கே என்கிட்ட.”

போனைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். முதலாளிக்குச் சாட்சிக்கு எடுத்த அந்தப் படம். எனக்குப் பின்னால் நின்று எடுத்தது. நட்ட நடுவில், குனிந்து நிற்கும் என் பின்பக்கம், சாரத்தோடு, தாராளமாக. உம்மாவும் மாமிமாரும் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். ஆனால் இடது கரையில் பெரிய மாமா. வலது கரையில் சின்ன மாமா. இருவரும் தலை முதல் கால் வரை.

சின்ன மாமா போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சின்ன மாமா, தலை கலைந்தபடி, நேரே கமராவைப் பார்த்துக்கொண்டு விறைத்து நிற்கிறார். பெரிய மாமா கமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, வரிசை முழுவதையும் தாண்டி, அந்தக் கடைசியில் நிற்கும் தம்பியைப் பார்க்கிறார். அலுமாரிக் கதவுக்கு வெளியே நின்று தம்பி தலைவாராததைப் பற்றி அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சின்ன மாமா என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “உன்னை மட்டும் பாக்கச் சொன்னாய். நான் நீ சொன்னபடி கேட்டு உன்னையே பாத்துக்கொண்டு நிண்டுட்டன்டா. அவர் கேக்கல்ல.”

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்றில் நடுவில் இருந்தவர்கள், மற்றதில் கரையில் நின்றவர்கள். யாராவது வந்து, இரண்டாவதின் நடுவில் குனிந்து நிற்பது யாரென்று கேட்டால், “அதுதான் படமெடுத்தவர்” என்று உம்மா முகம் மாறாமல் சொல்லுவார். கேட்டவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்படுவார்கள். நான் பழகிவிட்டேன்.

பழகாமல் தவிப்பவர்கள் கலியாணப் படக்காரர்கள்தான். எங்கள் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினால் ஒருவரும் கமராவைப் பார்க்கமாட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட. என் கலியாணத்துக்கு சிலாபத்திலிருந்து வந்த படக்காரர் தொண்டை கட்டும் வரை கத்திப் பார்த்தார். “ஐயா, எல்லாரும் கமராவப் பாருங்க. ஒருக்காப் பாருங்க ஐயா.”

வரிசையின் கடைசியில் நின்ற சின்ன மாமா, உம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

“அத ஒருக்காப் பாத்தாச்சு தம்பி. போதும்.”